லோஃபர் காலணியும் பெயரில்லாத கைகளும்

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒருவரை ‘லோஃபர்’ என்று அழைத்தால் அது கைகலப்பில் போய் முடியும். அதே சொல் லண்டன், மிலான் கடைகளில் விலை உயர்ந்த காலணி ஒன்றின் பெயர். கயிறு கட்டாமல் காலை நுழைத்துப் போட்டுக்கொள்ளும் ஆண்கள் ஷூ அது. அதிலும் வெல்வெட் போல மெத்தென்று இருக்கும் ‘ஸ்வேட்’ தோலில் செய்த லோஃபருக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஊர்களில் பதனிட்டுத் தைக்கப்படும் தோல் காலணிகள் கன்டெய்னர் லாரிகளில் ஏறி சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு வருகின்றன. நம் சாலைகளில் மணிக்கணக்கில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளுக்குள் என்ன இருக்கிறது, அதை யார் செய்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. இப்போது கேட்டாக வேண்டும்.

இந்த உறவு நேற்று தொடங்கியதல்ல. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. வாலாஜாவுக்குப் பக்கத்தில்தான் ராணிப்பேட்டை. பாலாற்றுத் தோல் பகுதியையும் சென்னைக் கடற்கரையையும் இணைத்த முதல் இரும்புப் பாதை அதுதான். அன்று ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கப்பலேறியது. 1973-இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்து, பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தோலை முழுமையாகப் பதனிட்டு, காலணியாகவே தைத்து அனுப்பும் தொழில் அதன் பிறகே இங்கு வேகமாக வளர்ந்தது. தொழில் வளர்ந்தது சரி, தொழிலாளி வளர்ந்தாரா?

ஒரு ஸ்வேட் லோஃபர் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். சாதாரண ஷூவில் தோலின் மேல்புறம் வெளியே தெரியும். ஸ்வேட் தோலிலோ உட்புறம், அதாவது சதைப் பக்கம்தான் வெளியே தெரியும். சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து முடியை நீக்கி, ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுப்பார்கள். பிறகு குரோம் உப்பில் பதனிட்டு, சாயமேற்றி, உப்புத்தாள் சுற்றிய உருளையில் தேய்த்துப் பூம்பஞ்சு போன்ற இழைகளை எழுப்புவார்கள். சதை சீவுகையில் கத்தி ஒரு நூல் ஆழம் கூடுதலாக இறங்கினாலும் அந்தத் தழும்பு ஷூவின் முகத்திலேயே தெரியும். அடுத்து தையல். லோஃபரின் முன்புறத்தில் மேல்மூடித் துண்டைப் பக்கத்தோலோடு சேர்த்து, சிறு சுருக்கங்கள் வைத்துத் தைக்க வேண்டும். தரமான காலணிகளில் இதைக் கையால்தான் தைக்கிறார்கள்.

வெளிநாட்டுக் கடையில் ‘கைத்தையல்’ என்ற ஒரு சொல்லே விலையைக் கூட்டிவிடுகிறது. இங்கே அந்தக் கைக்கு என்ன மதிப்பு? சுண்ணாம்புக் குழியிலும் சதை சீவும் இடத்திலும் தலைமுறை தலைமுறையாக நின்றவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். ஆம்பூர் வட்டாரத்தில் மேல்தோல் தைக்கும் வேலையை வீட்டிலேயே வாங்கிச் செய்பவர்களில் தலித், இஸ்லாமியப் பெண்கள் மிகுதி. ஜோடிக் கணக்கில்தான் கூலி. நிறுவனத்தின் பதிவேட்டில் பெயர் இருக்காது; பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது.

லோஃபரைப் புகழ்பெற வைத்த ‘வீஜன்ஸ்’ காலணியை பாஸ் நிறுவனம் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய ஆண்டு 1936. ‘சாதி ஒழிப்பு’ உரையை அண்ணல் அம்பேத்கர் அச்சிட்டு வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று அதில் அவர் விளக்கினார். செருப்புத் தைத்தவரையே செருப்பில்லாமல் ஊர்த்தெருவில் நடக்க வைத்த நாடு இது. பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பொது இடத்தில் காலணி அணிய விடாமல் ஒரு பட்டியலினத்தவரைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. 2015-இல் கொண்டுவந்த அந்தத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது.

உயிருக்கும் இங்கே உறுதி இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இப்போது உலகச் சந்தையின் காற்று மாறி மாறி அடிக்கிறது. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியத் தோல் காலணிகளுக்கான வரியை நீக்க அந்நாடு ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 27 முதல், அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. வரி ஏறும், இறங்கும். ஏறினால் ஆர்டர் குறைகிறது, வீட்டில் தைக்கும் பெண்ணுக்கு முதல் ஆளாக வேலை நிற்கிறது. பதிவேட்டில் இல்லாதவருக்கு வேலை போனதாகக் கணக்கும் இல்லை. இறங்கினால் லாபத்தில் அவருக்குப் பங்கு வரும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. பிரச்சினையின் வேர் இதுதான்.

அரசு செய்ய வேண்டியது தெளிவானது. வீட்டில் தைப்பவரின் பெயரும் கூலியும் நிறுவனத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். 2022-இல் வெளியிட்ட காலணி, தோல் பொருள் கொள்கைப்படி சலுகை பெறும் நிறுவனங்களுக்கு இதை நிபந்தனையாக்கலாம்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. காலணி, தோல் தொழிலாளர்களுக்கென்று தமிழகத்தில் தனி நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்தால் பிள்ளைகளின் படிப்பு உதவி, மகப்பேறு உதவி, ஓய்வூதியம் கேட்டுப் பெறலாம். தோல் பதனிடுவோர், தோல் உரிப்போர் பிள்ளைகளுக்கு 1 முதல் 10-ஆம் வகுப்பு வரை மத்திய அரசின் உதவித்தொகையும் உண்டு. மாணவர்கள் இதைத் தங்கள் தெருவில் சொல்ல வேண்டும்.

அப்பன் தொழிலைப் பிள்ளை செய்ய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. விட்டு வெளியேற விரும்புகிறவருக்கு வழி திறந்திருக்க வேண்டும். விரும்பி வருகிறவர் கிண்டியிலுள்ள மத்திய காலணிப் பயிற்சி நிறுவனத்திலோ, அண்ணா பல்கலைக்கழகத்தின் தோல் தொழில்நுட்பப் படிப்பிலோ சேர்ந்து, வடிவமைப்பாளராக, பொறியாளராக வரட்டும். சுண்ணாம்புக் குழிக்குள் மூன்று தலைமுறை நின்ற குடும்பத்துக்கு, ஆலையின் மேசைக்கு முன் உட்காரவும் உரிமை உண்டு.