சத்தம் போடாத கணினி

கணினி வாங்கப் போகிறவர்கள் கடையில் என்னென்னவோ கேட்பார்கள். மெமரி எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, தவணையில் கிடைக்குமா என்று. "இது எவ்வளவு சத்தம் போடும்?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, இரவு பத்து மணிக்கு மேல் வீடு அடங்கிய பிறகு முடுக்கும்போதுதான், பெட்டிக்குள் ஒரு நெல் அறுவடை இயந்திரம் ஓடுவது தெரியவரும்.

சுங்கை புரோங்கில் இருப்பவர்களுக்கு அறுவடை இயந்திரச் சத்தம் புதிதல்ல. அது ஆண்டுக்கு இரண்டு முறை வரும், போய்விடும். கணினியின் சத்தம் போகாது. ஒரே அறையில் பாட்டி தூங்க, மகள் இணைய வகுப்பில் உட்கார்ந்திருக்க, அண்ணன் இரவு வேலை பார்க்கிற வீடுகள் இப்போது நிறைய. அங்கெல்லாம் இது சின்ன விஷயமில்லை.

எனக்கு இது தொழிலோடு சம்பந்தப்பட்டதும்கூட. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, வானொலிக்காரர்கள் பலர் போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பேசினோம். அந்தப் பழக்கம் முழுதாக விட்டுப்போகவில்லை. இப்போது ஓய்வு நாட்களில், இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து வைக்கிறேன். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து வீடுகள் போய், பிள்ளைகளோடு தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் அவர்கள். எண்பதைத் தாண்டிய குரல் எப்படி இருக்கும் தெரியுமா? வாக்கியம் நன்றாகத் தொடங்கும். கடைசிச் சொல் மூச்சோடு கரைந்துவிடும். கரைகிற அந்த இடத்தில்தான் கணினியின் 'ஸ்ஸ்ஸ்' போய் உட்கார்ந்துகொள்கிறது.

அதற்குத்தான் இரைச்சலை நீக்கும் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் விசிறியின் காற்றுச் சத்தமும் நம் மொழியின் சகர, ஸகர ஒலிகளும் கிட்டத்தட்ட ஒரே அலைவரிசைப் பகுதியில் வருகின்றன. ஒன்றைத் துடைத்தால் மற்றதும் தேயும். பாட்டி தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். மறுபடி வந்து பேசுங்கள் என்று அடுத்த ஆண்டு கூப்பிடக்கூடிய வயதும் இல்லை அது. பதிவாகும்போதே சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

சத்தத்துக்குக் காரணம் வெப்பம். கணினி இழுக்கும் மின்சாரம் எந்த வேலை செய்தாலும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 100 வாட் இழுத்தால் 100 வாட் சூடு. கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தான் ஆற்றோரம் மின்னுகிற மின்மினிகள் ஏறக்குறைய சூடே இல்லாமல் ஒளி தருகின்றன. மனிதன் செய்த சில்லுக்கு அந்த வித்தை இன்னும் கைவரவில்லை. சூட்டை வெளியே தள்ள விசிறி வேண்டும்.

விசிறியே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர்களும் உண்டு. 1980இல் வந்த ஆப்பிள் 3 கணினியில் விசிறி கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் உறுதியாக நின்றார். சூட்டில் உள்ளே சில்லுகள் தளர்ந்து எழும்பின. கணினியைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள், சில்லு மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொல்லப்பட்டது! இன்று விசிறி இல்லாத மடிக்கணினிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏர் அப்படிப்பட்டது. கையில் பணம் இருந்து, குரல் பதிவு மட்டும்தான் வேலை என்றால் அதை வாங்கிவிடுங்கள். மீதிக் கட்டுரையைப் படிக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய மேசைக் கணினியைத்தான் சரிசெய்ய வேண்டும் என்பவர்களுக்கு மேலே சொல்கிறேன்.

வெளிநாட்டுக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் இங்கே ஒத்துவராது. இன்டல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் திறந்தது நம் பினாங்கில், பாயான் லெப்பாசில். சில்லு நம் ஊர் வழியாகப் போகிறது. அதைக் குளிர்விக்கும் அறிவுரை மட்டும் குளிர்நாட்டிலிருந்து வருகிறது. கணக்கு எளிது. அறையின் வெப்பத்தோடு, புரோசசர் கூடுதலாகச் சூடேறும் அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 20 டிகிரி அறையில் 60 டிகிரி காட்டும் புரோசசர், அதே விசிறி வேகத்தில் நம்முடைய 32 டிகிரி அறையில் 72 காட்டும். அந்த 72ஐப் பார்த்துப் பயந்து விசிறியைக் கூட்டுகிறோம். சத்தம் அங்கே தொடங்குகிறது.

பயப்படத் தேவையில்லை. இன்டல் புரோசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. ஏஎம்டி ரைசன் பலவற்றுக்கு 95. எல்லையைத் தொட்டால் அவையே வேகத்தைக் குறைத்துத் தற்காத்துக்கொள்ளும். வேலை செய்யும்போது 75 டிகிரி என்பது காய்ச்சல் அல்ல. எண் குறைவாக இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டால் பாதிச் சத்தம் போய்விடும் என்பது என் கருத்து.

திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் காசில்லாத வேலை ஒன்று. கணினியை மைக்கிலிருந்து தள்ளி வையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால், திறந்தவெளியில் சத்தம் 6 டெசிபல் குறையும். சிறிய அறையில் சுவர் எதிரொலிப்பதால் அவ்வளவு குறையாது, ஆனாலும் குறையும். மேசைமேல் இருக்கும் பெட்டி கீழே போகட்டும், மைக்கின் முதுகுப்பக்கமாக. கார்டியாய்டு வகை மைக் முன்னால் இருப்பதை நன்றாகவும் பின்னால் இருப்பதைக் குறைவாகவும் கேட்கும்.

அடுத்து, எது கத்துகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கையிலிருக்கும் இந்த இதழையே குழாய்போல் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைப் பெட்டியின் ஒவ்வொரு துவாரத்துக்கு அருகிலும் வைத்துக் கேளுங்கள். மருத்துவர் செய்வதும் இதுதான். என் பெட்டியில் 'ம்ம்ம்' என்ற ஆழமான ரீங்காரம் விசிறியிலிருந்து வரவில்லை, பழைய வன்தட்டிலிருந்து வந்தது. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு என்றால் நொடிக்கு 120. அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வைத் தகரப் பெட்டி வாங்கிப் பெரிதாக்குகிறது. எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் முழுத் தீர்வு. பழைய தட்டு வேண்டுமென்றால், தையல் கடையில் விற்கும் எலாஸ்டிக் நாடாவைப் பெட்டிக்குள் குறுக்கே கட்டி, தட்டைத் தூளிபோல் தொங்கவிடலாம். உலோகம் உலோகத்தைத் தொடாமல் இருந்தால் ரீங்காரம் நின்றுவிடும். ஆனால் கணினியை இடம் மாற்றும்போது தூளியை அவிழ்த்துவிடுங்கள்.

இப்போது விசிறி. இங்கேதான் கணக்கு நம் பக்கம் நிற்கிறது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும்; சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு விசிறிகளைச் சேர்த்தால் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே, முழு வேகத்தில் ஒன்று ஓடுவதற்குப் பதில் பாதி வேகத்தில் இரண்டு ஓடட்டும். காற்று அதே அளவு, சத்தம் 12 டெசிபல் குறைவு. சிறிய 80 மில்லிமீட்டர் விசிறிகளைக் கழற்றிவிட்டு 120 மில்லிமீட்டர் போடுவதன் ரகசியமும் இதுதான். பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றினால் போதும். வீட்டுக் கூரை விசிறியையும் மேசை விசிறியையும் நினைத்துப் பாருங்கள்.

ஆஸ்திரியாவின் நொக்டுவா விசிறிகள் அருமையானவை. ஒன்றே நூறு வெள்ளியைத் தாண்டும். நான் வாங்கியவை அதில் மூன்றில் ஒரு பங்கு விலை. மெதுவாக ஓட்டினால் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை, காதை வைத்துப் பிழைக்கிறவர் வகையைச் சேர்ந்தவன் நான். விசிறியை ஆணி போட்டு இறுக்காமல் தடித்த ரப்பர் துண்டுகளால் பிணைத்தேன்.

புரோசசரின் மேல் இருக்கும் குட்டையான ஹீட்சிங்க்கை எடுத்துவிட்டு, செம்புக் குழாய்கள் உள்ள உயரமானதைப் பொருத்தினேன். அந்தக் குழாய்க்குள் துளி நீர்மம் இருக்கிறது. சூடான அடியில் ஆவியாகி, மேலே தகடுகளில் சூட்டை விட்டுவிட்டு, நீராகித் திரும்பும். இட்லிப் பானையின் மூடியில் நீர் கோத்துச் சொட்டுவது போலத்தான். எஸ்எஸ்டி தவிர எல்லாம் சேர்த்து 200 வெள்ளிக்குள் முடிந்தது. ஒன்றை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள்: மின்வழங்கிப் பெட்டி. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கி எறியும் மின்சாரம் தங்கியிருக்கும். அது கத்தினால் புதிது வாங்குங்கள்.

விசிறியை மாற்றினால் மட்டும் போதாது, அதை அடக்கி வைக்கவும் வேண்டும். நான்கு கம்பி உள்ள விசிறிகளே நல்லவை. நான்காவது கம்பி வழியாக வேகத்தைச் சொல்லும் துடிப்புகள் போகின்றன, நொடிக்கு 25,000. மனிதக் காது 20,000க்கு மேல் கேட்காது என்பதால் அந்தத் துடிப்பு நமக்கு விசில்போல் ஒலிப்பதில்லை. மூன்று கம்பி விசிறி என்றால் மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் மெதுவாக்க வேண்டும். ரொம்பக் குறைத்தால் சில விசிறிகள் கிளம்பவே கிளம்பா.

கணினி முடுங்கும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் வரும் திரையில் இந்த அமைப்பு இருக்கும். அசூஸ் பலகைகளில் கியூ-ஃபேன், கிகாபைட் பலகைகளில் ஸ்மார்ட் ஃபேன் என்று பெயர். விண்டோஸில் ஃபேன்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளும் உண்டு. அலுவலகங்களிலிருந்து வரும் பழைய கணினிகள் சிலவற்றில் இதைத் தொடவே விடமாட்டார்கள். வாங்கும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அமைப்பு இது: 60 டிகிரி வரை விசிறி 35 விழுக்காட்டில் அசையாமல் நிற்கும். 60இலிருந்து 80 வரை மெல்ல ஏறி 70 விழுக்காடு. 85ஐத் தொட்டால் முழு வேகம்; இந்தக் கடைசிப் பாதுகாப்பை நீக்கவே கூடாது. இதைவிட முக்கியமானது தாமதம். ஒரு பக்கத்தைத் திறந்தாலே புரோசசர் இரண்டு நொடி சூடாகும். விசிறி உடனே உறுமி, உடனே அடங்கும். ஒரே சீராக ஓடும் சத்தத்தைக் காது மறந்துவிடும், ஏறி இறங்குவதை மறக்காது. அதனால் சில நொடி பொறுத்து ஏறவும், 5 டிகிரி இறங்கிய பிறகே குறையவும் வைத்தேன். இன்னொன்று: வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு வேகத்தில் பெட்டியின் பக்கத் தகடு சேர்ந்து பாடும். அந்த வேகத்தில் நிற்காமல் தாண்டிப் போகும்படி அமைத்துவிடுங்கள்.

சத்தம் வெளியே வராமலிருக்கப் பெட்டிக்குள் பஞ்சை அடைப்பது இங்கே உதவாது. காற்று அடைபட்டு, விசிறி இன்னும் வேகமாக ஓடும்.

அளப்பதற்குக் கருவி வேண்டாம். ஆடாசிட்டியில் பத்து நொடி வெறும் அமைதியைப் பதிவு செய்து, முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். ஒலிநூல்கள் பெறும் ஏ.சி.எக்ஸ். தளம், பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. வீட்டிலிருந்து குரல் வேலை தேடும் இளையோருக்கு அது நல்ல குறி. என் அறை இப்போது அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது, கூரை விசிறியை அணைத்தால். இதுவரை கேட்காத மற்றதெல்லாம் இப்போது கேட்கிறது: சுவர்க் கடிகாரம், பக்கத்து வீட்டுக் குளிர்பதனப் பெட்டி, பறவைக்கூடு வளர்க்கும் கட்டடத்தின் ஒலிபெருக்கியிலிருந்து வரும் கீச்சுக் குரல்.

இந்த வட்டாரத்தில் தூசிதான் பெரிய தொல்லை. அறுவடை நேரத்தில் பறக்கும் உமித்தூள் ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே பஞ்சுபோல் அடைந்துகொள்ளும்; மெதுவான விசிறிக்கு அதைத் தள்ளும் பலம் இல்லை. காற்று உள்ளே போகும் வாயில் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டியிருக்கிறேன். பல்லியும் உள்ளே போகாது. அறுவடை முடிந்த வாரம் அதைக் கழற்றித் துவைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டுவேன். உள்ளே பிரஷ் போடும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிடாமல்.