படத்தைப் பிரிந்த பாட்டு

திரைப்படத்திற்கென்று பிறந்த பாட்டு, அப்படத்தைப் பிரிந்தபின் தனித்து வாழுமா? பிறந்த ஊரைப் பிரிந்து வேற்றூரில் குடியேறிய நமக்கு இக்கேள்வி சற்று நெருக்கமானதே. இதற்கு நல்லதொரு விடையாக விளங்கும் அமெரிக்க இசைத்தட்டு ஒன்றைப் பற்றி இத்திங்கள் அன்பர்களோடு உரையாட விரும்புகிறோம்.

1966-ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அத்தட்டின் பெயர் ‘தி மூவி சாங் ஆல்பம்’. பாடியவர் ஜாஸ் இசையில் தோய்ந்த டோனி பென்னெட். இசைப் பொறுப்பை ஏற்றவர் ஜானி மாண்டல். தட்டில் உள்ளவை பன்னிரண்டு படப் பாடல்கள்.

அவற்றுள் ‘தி ஷாடோ ஆஃப் யுவர் ஸ்மைல்’ மாண்டலே மெட்டமைத்தது. 1965-இல் வந்த ‘தி சாண்ட்பைப்பர்’ படத்திற்குரியது. எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் நடித்தும், விமர்சகர்கள் அப்படத்தைப் போற்றவில்லை. பாட்டோ ஆஸ்கார் பரிசு பெற்றது. இன்றும் ஜாஸ் மேடைகளில் ஒலிக்கிறது. ‘ஸ்மைல்’ பாட்டின் கதை இன்னும் வியப்பானது. 1936-இல் ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்திற்காகச் சாப்ளின் அமைத்த மெட்டு அது. அதற்குச் சொற்கள் வாய்த்ததோ 1954-இல்தான்.

படத்தில் காட்சி பேசும். நடிகர் முகம் பேசும். இசைத்தட்டில் அவ்விரண்டும் இல்லை. ஆகவே காட்சியின் வேலையை வாத்தியக் குழுவும், முகத்தின் வேலையைக் குரலும் ஏற்க வேண்டும். வயலின்கள் அடங்கி நின்று வழிவிட, பென்னெட் ஒவ்வொரு சொல்லையும் பொருளுணர்ந்து பாடுகிறார். படம் பாராதவர்க்கும் பாட்டு விளங்குகிறது.

1926-இல் நியூயார்க்கில் பிறந்த பென்னெட்டும் குடியேறிய குடும்பத்துப் பிள்ளையே. தந்தை இத்தாலியிலிருந்து வந்தவர். பத்து வயதில் தந்தையை இழந்த அவரை, தாய் துணி தைத்து வளர்த்தார். முதுமையில் மறதி நோய் அவரைப் பற்றியது. ஆயினும் 2021 ஆகஸ்டில், தம் 95-ஆம் வயதில், நியூயார்க் மேடையில் நின்று பாடினார். மற்றவை நழுவியபோதும் பாட்டு அவரைக் கைவிடவில்லை. 2023-இல் மறைந்தார்.

நம் பிள்ளைகளுள் பலர் பழைய தமிழ்ப் படங்களைப் பார்த்ததில்லை. வீட்டில் ஒலிக்கும் பாடல்களை மட்டுமே அறிவர். பொருள் அறியாத பாட்டு வெறும் ஓசையாய்க் கழிந்துவிடும். ஒரு மாலையேனும் அவர்களை அருகில் அமர்த்தி, ஒரு பாட்டின் சொற்களுக்குப் பொருள் சொல்லுங்கள். படம் மறைந்தாலும் பாட்டு அவர்களோடு வாழும்.