தீர்ப்பில் இல்லாத தண்டனை

புதுக்கோட்டையில் ஒரு சிறை இருக்கிறது. அதற்குப் பெயர் பள்ளி. வழக்கில் சிக்கிய 18 முதல் 21 வயது வரையிலான இளைஞர்களை, பழகிய குற்றவாளிகளோடு சேர்க்காமல் திருத்தி அனுப்புவதற்கான பார்ஸ்டல் பள்ளி. அங்கிருந்து வெளியே வரும் பையனை 'ஜெயிலுக்குப் போய் வந்தவன்' என்றுதான் ஊர் சொல்லும். அவனுக்குக் காசநோயோ எச்.ஐ.வி.யோ இருந்துவிட்டால், பட்டம் இரண்டாகிவிடும்.

நோய்க்காகவே ஒருவரை அடைத்த காலமும் இந்த நாட்டில் உண்டு. 1989இல் கோவாவில், ரத்ததானம் செய்துவந்த டொமினிக் டிசோசாவுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் போலீஸ் அவரைக் கொண்டுபோய், பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாட்கள் காவலில் வைத்தது. அவர் செய்த குற்றம் எதுவுமில்லை.

இன்று சட்டம் மாறிவிட்டது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி, தடுப்புக் காவலில் இருப்பவர் என எல்லோருக்கும் பரிசோதனையும் ஆலோசனையும் சிகிச்சையும் பெறும் உரிமையைத் தருகிறது. சம்மதம் கேட்டுத்தான் பரிசோதிக்க வேண்டும். முடிவு ரகசியமாக இருக்க வேண்டும். வெளியே கிடைக்கும் அதே தரமான மருத்துவம் உள்ளேயும் வேண்டும் என்கின்றன, கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. 2015இல் ஏற்ற மண்டேலா விதிகள்.

ஆனால், ரகசியம் உடைவதற்கு ஒரு சின்ன அலட்சியம் போதும். மருந்து வாங்கத் தனி வரிசை. பெயருக்குப் பதில் நோயைச் சொல்லிக் கூப்பிடுவது. டாக்டரிடம் சொல்வது வழிக்காவல் போலீஸ் காதிலும் விழுவது. அவமானத்துக்குப் பயந்தவன் இருமலை மறைப்பான். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். அதற்குள் ஜாமீன் கிடைத்துவிடலாம். பாதியில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத கிருமியாக அது வீட்டுக்கும் தெருவுக்கும் வரலாம். கைதியின் ரகசியத்தில் ஊரின் நலமும் அடங்கியிருக்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. டாக்டர் பேசும்போது காவலர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் நிற்கட்டும். விடுதலையாகும் நாளில் கையில் மாத்திரையும், சொந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூடிய உறையில் ஒரு கடிதமும் கொடுத்து அனுப்பட்டும்.

நீதிபதி எழுதும் தண்டனையில் வருடமும் மாதமும் இருக்கும். நோயின் பெயர் இருக்காது. அதை நாம் சேர்த்து எழுத வேண்டாம்.