விலை ஒரு நாள், செலவு பல நாள்

தலைநகர் தில்லியின் கரோல் பாக் பகுதியில் பழைய கார்களை வாங்கி விற்கும் கடைகள் பல உள்ளன. நாட்டின் பிற பெருநகரங்களிலும் இத்தகைய கடைகளைக் காணலாம். அன்றாடப் பயன்பாட்டுக் கார்களுக்கு இடையே, தாழ்ந்த கூரையும் இரண்டே கதவுகளும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அங்குக் கண்ணைக் கவர்ந்து நிற்பதுண்டு. ஒரு காலத்தில் செல்வந்தர் மட்டுமே வாங்கிய அவ்வண்டி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின் புதிய சாதாரணக் காரின் விலைக்கு இறங்கிவிடுகிறது. வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன இளைஞரின் சேமிப்பும் அதற்குப் போதுமானதாகிறது. அதனை வாங்கலாமா? மலிவு ஒன்றே காரணமாயின் வாங்கலாகாது என்பதே தக்க விடையாகும்.

ஆசையின் நியாயம்

இவ்வாசையை வீண் பகட்டு என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் முறையன்று. நன்கு வடிவமைக்கப்பட்ட எந்திரத்தை விரும்புவது, நல்ல இசைக்கருவியை விரும்புவது போன்றதே. மேலும், புதிய கார் ஒன்றின் மதிப்பு முதல் சில ஆண்டுகளிலேயே பெரிதும் குறைகிறது. அவ்விழப்பை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார்; அடுத்து வாங்குபவருக்கு அது மிச்சம். இயங்கும் நிலையிலுள்ள ஒரு பொருளைக் குப்பையாக்காமல் பயன்படுத்துவதும் நன்றே. இவ்வாதங்கள் யாவும் உண்மையே. எனினும் இவை கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுகின்றன.

விலை இறங்கும், செலவு இறங்காது

புதிதாக ஐம்பது லட்சம் ரூபாய்க்கு விற்ற ஒரு கார், இன்று பத்து லட்சத்திற்குக் கிடைக்கிறது எனக் கொள்வோம். காரின் விலை ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் அதன் பிரேக் தட்டு, கியர்பெட்டி, முகப்பு விளக்கு ஆகியவற்றின் விலை ஐந்தில் ஒரு பங்காகிவிடவில்லை. அவை ஐம்பது லட்சம் ரூபாய்க் காரின் உதிரி பாகங்களாகவே விற்கப்படுகின்றன. அவற்றுள் பல வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவை. அதுவரை வண்டி பட்டறையில் காத்திருக்கும். யானையைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஆனால் அதற்கு நாள்தோறும் தீனி போடவேண்டும். ஸ்போர்ட்ஸ் காரின் நிலையும் அதுவே. பல நேரங்களில் அவ்வண்டி மலிவாக விற்கப்படுவதற்குக் காரணம், வரவிருக்கும் பெருஞ்செலவை முன்னறிந்து அதன் உரிமையாளர் விலகிக்கொள்வதே ஆகும்.

தில்லியில் விலை குறைவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தேசியத் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்ற ஆணையை உச்ச நீதிமன்றம் 2018 ஆம் ஆண்டு உறுதிசெய்தது. அதன் நடைமுறை பின்னர் மாற்றங்களைக் கண்டிருப்பினும், வயது முதிர்ந்த வண்டிகளை விரைந்து விற்றுவிடும் போக்கு அங்கு வேரூன்றிவிட்டது. அவற்றை வேறு மாநிலத்தவர் வாங்கினால் தடையின்மைச் சான்று பெறுதல், அம்மாநிலத்திற்குரிய சாலை வரி செலுத்துதல், புதிய பதிவெண் பெறுதல் ஆகியவை தொடரும். விலைச் சீட்டில் காணப்படாத இச்செலவுகளையும் சேர்த்தே மலிவை அளவிடவேண்டும்.

சாலைக்கு ஏற்ற வண்டியா?

வேகத்தடை பத்துச் சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டிருக்கவேண்டும் என்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவு. குடியிருப்புத் தெருக்களில் உள்ள வேகத்தடைகள் பலவும் இதைவிடக் குறுகலாகவும் செங்குத்தாகவும் அமைந்துள்ளன. ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றின் அடிப்பகுதியோ தரைக்கு மேல் ஏறத்தாழ பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்திலேயே உள்ளது. ஆகவே, வீட்டு வாயிலிலிருந்து நெடுஞ்சாலையை அடைவதற்குள்ளேயே வண்டியின் வயிறு தரையில் உரசக்கூடும். பள்ளத்தில் இறங்கினால், பக்கச் சுவர் குறைந்த அதன் டயர்கள் வீங்கும். சக்கர வளையமும் வளையும். நெடுஞ்சாலையை அடைந்த பின்னரும் வேகத்திற்கு எல்லை உண்டு. யமுனா விரைவுச்சாலையில் கார்களுக்கான உச்ச வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டர். மணிக்கு 250 கிலோமீட்டர் ஓடவல்ல காருக்கும் சிறிய குடும்பக் காருக்கும் அங்கு எல்லை ஒன்றே.

பணத்தினும் பெரிது உயிர்

பணம் போனால் ஈட்டிக்கொள்ளலாம், உயிர் அத்தகையதன்று. குறைவாக ஓடிய வண்டி என்று விற்பவர் பெருமையாகக் கூறுவதுண்டு. ஆயினும் நெடுங்காலம் நின்ற வண்டியின் டயர் ரப்பர், தேய்மானம் இன்றியே இறுகிப் பிடிமானத்தை இழக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அதன் பிறந்த காலத்தைக் காட்டும். 2314 என்றிருந்தால் அது 2014 ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் செய்யப்பட்டதாகும். முதுமையடைந்த டயர், பராமரிக்கப்படாத பிரேக், ஆற்றல் மிகுந்த எந்திரம், பழக்கமற்ற ஓட்டுநர் ஆகிய நான்கும் ஒன்றுசேர்வதே மலிவான ஸ்போர்ட்ஸ் காரின் பேராபத்து. டயர் மாற்றப் பணமில்லாதவர் அவ்வண்டியை ஓட்டுவது சாலையில் செல்லும் பிறருக்கும் இழைக்கும் தீங்காகும்.

யார் வாங்கலாம்?

அன்றாடப் பயணத்திற்கு வேறு வழி உள்ளவர் வாங்கலாம். வண்டியின் விலைக்கு அப்பால், பழுதுக்கெனத் தனித்தொகை ஒதுக்க வல்லவர் வாங்கலாம். விற்பவரோடு தொடர்பற்ற, அவ்வகை வண்டியை நன்கறிந்த பழுதுநீக்குநரிடம் காட்டி, பராமரிப்புப் பதிவேடுகளையும் சரிபார்த்தபின் வாங்கலாம். பதிவுச் சான்றிதழ், வங்கிக் கடன் நிலுவையின்மை, நடப்புக் காப்பீடு ஆகியவற்றை ஆராய்ந்து, பெயர் மாற்றத்தை உரிய காலத்தில் முடிக்கவும் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் இயலாதவர், அவ்வழகைக் கண்டு மகிழ்ந்து நகர்ந்து செல்வதே நலம். பெற்றோரின் சேமிப்பையோ கடனையோ கொண்டு வாங்க முனைபவருக்கு இவ்வறிவுரை இன்னும் வலிமையாகப் பொருந்தும்.

ஒரு செயலில் இறங்குமுன் அதனால் அழிவதையும் ஆவதையும் பின்னர் விளையும் ஊதியத்தையும் எண்ணிப் பார்க்குமாறு வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என்னும் அதிகாரத்தில் வலியுறுத்துகிறார். பழைய கார் வாங்குவோர்க்கும் இவ்வளவுகோல் பொருந்தும். வாங்கும் நாளின் விலையை மட்டும் காண்பவர் பாதிக் கணக்கையே காண்கிறார். வைத்துக் காக்கும் ஆண்டுகளின் செலவையும் கண்டு, அதன்பின்னும் அவ்வண்டியை விரும்புபவரே அதற்கு உரியவர்.

சிந்தித்து விடை எழுதுக

1. காரின் விலை குறைந்தாலும் அதன் பராமரிப்புச் செலவு குறையாதது ஏன்?
2. 4016 என்னும் எண் பொறித்த டயர் எப்போது செய்யப்பட்டது?
3. ‘மலிவான பொருள் எல்லாம் ஆதாயமான பொருள் அன்று’ என்னும் கருத்தை உம் வீட்டில் வாங்கிய ஒரு பொருளைச் சான்றாகக் கொண்டு விளக்குக.