வீட்டிலிருந்தே நர்ஸ் படிப்பா?

பன்னிரண்டாவது வகுப்புப் பரீட்சையின் முடிவுகள் வெளியானதுதான் தாமதம். புது மழைக்கு ஈசல் கிளம்புவதுபோல் ஒருவகை விளம்பரங்கள் நம் கிராமங்கள்வரை கிளம்பிவிடுகின்றன. “வீட்டிலிருந்தபடியே நர்ஸிங் டிப்ளோமா! பாடங்கள் கைப்பேசியில்! விரைவில் சர்டிபிகேட்!” என்பது அவற்றின் சாரம். ஹாஸ்டல் செலவு கிடையாது. பெண்ணைத் தனியே வெளியூருக்கு அனுப்ப வேண்டியதில்லை. இரவு வேலை என்ற பேச்சே இல்லை. ஏழைத் தகப்பனாரின் மனத்தில் எங்கெங்கே கவலை இருக்கிறதோ, அங்கங்கே குறிபார்த்து எழுதப்பட்ட விளம்பரங்கள் இவை.

கடலூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் இத்தகைய சர்டிபிகேட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மிடம் யோசனை கேட்க வந்தார். தாளின் கனமும் தங்க நிற முத்திரையும் பார்ப்பதற்கு வெகு அழகாகத்தான் இருந்தன. மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருக்கிறார். பெண் ஒரு வருஷம் கைப்பேசியில் பாடம் கேட்டிருக்கிறாள். பிறகு ஆஸ்பத்திரி வேலைக்கு மனுச் செய்தபோது, “பதிவு நம்பர் எங்கே?” என்று கேட்டார்களாம். அப்படி ஒன்று உண்டு என்பதே அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. பணத்தைத் திரும்பப் பெற வழக்குத் தொடரலாமா என்று கேட்டார். தொடரலாம் என்றோம். ஆனால் அந்தப் பெண் இழந்த வருஷத்தைத் திருப்பித் தர எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை.

சட்டத்தின் நிலைமை தெளிவானது. நம் ராஜதானியில் 1926ஆம் வருஷத்திலேயே நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டம் ஏற்பட்டு, பதிவு செய்துகொள்ளும் முறை வந்துவிட்டது. தேசம் விடுதலை பெற்ற 1947ஆம் வருஷத்திலேயே, டிஸம்பர் மாதத்தில், இந்திய நர்ஸிங் கவுன்ஸில் சட்டம் நிறைவேறியது. பிரிவினையின் இரத்தம் உலராத அந்த நாட்களில் அரசியலாருக்கு வேறு கவலைகள் இல்லாமலில்லை; இருந்தும் நர்ஸுகளின் பயிற்சி தேசமெங்கும் ஒரே தரமாக இருக்கவேண்டும் என்பதைத் தள்ளிப்போடக்கூடாத காரியமாக அவர்கள் கருதினார்கள். அச்சட்டத்தின் இடத்தில் வைப்பதற்கென்று 2023இல் தேசிய நர்ஸிங், மருத்துவச்சிக் கமிஷன் சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றியது. சட்டத்தின் பெயர் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. பொது நர்ஸிங், மருத்துவச்சி டிப்ளோமாவுக்கு மூன்று வருஷப் பயிற்சி. அதில் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஆஸ்பத்திரி வார்டுகளிலும் கிராம சுகாதார வேலையிலும் கழியவேண்டும். தபால் மூலமாகவோ இணையத்தின் மூலமாகவோ மட்டும் பெற்ற ஆரம்ப டிப்ளோமாவைக் கவுன்ஸில் ஏற்பதில்லை. பதிவில்லாதவள் நர்ஸ் அல்ல. அவள் கையிலிருப்பது வெறுங்காகிதம். அயல்நாட்டுக்குப் போகலாம் என்றாலும், எத்தனை மணி நேரம் எந்த வார்டில் வேலை செய்தாய் என்று கணக்குக் கேட்கும் தேசங்கள் உண்டு.

இது காலத்துக்கு ஒவ்வாத பிடிவாதம் என்று சில நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் ஒரு நாள் இரவு ஏதேனும் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நின்று பார்க்கட்டும். பிள்ளை பெற்ற தாயின் அடிவயிற்றில் நர்ஸ் கை வைத்துப் பார்க்கிறாள். கருப்பை பந்துபோல் இறுகியிருந்தால் நல்லது. தளர்ந்து கிடந்தால், வெளியே இரத்தம் பெருகுவதற்கு முன்பே அந்தக் கை ஆபத்தை அறிந்துகொள்கிறது. இறுக்கம் இன்னது, தளர்ச்சி இன்னது என்று எந்தத் திரை கற்றுக்கொடுக்கும்? நீரிழிவுக்காரருக்குப் போடும் இன்ஸுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. அததற்கு ஸிரிஞ்சும் வேறு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் ஸிரிஞ்சின் கோடுகளை நம்பி ஏற்றினால், நோயாளியின் உடலில் இரண்டரை மடங்கு மருந்து இறங்கிவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், வாஸ்தவம். ஆனால் பத்துப் பேர் ஒரே சமயத்தில் கூப்பிடும் வார்டில், தூக்கம் கண்ணைச் சுழற்றும் இரவு மூன்று மணிக்கு, ஸிரிஞ்சின் மூடி சிவப்பா ஆரஞ்சா என்று தானாகவே பார்க்கும் பழக்கம் புத்தகத்திலிருந்து வராது. பக்கத்தில் ஒரு மூத்த ஸிஸ்டர் நின்று நூறு தடவை கண்டித்த பிறகு வருவது அது.

இணையப் படிப்பே கூடாதென்று நாம் சொல்லவில்லை. உடற்கூறு, மருந்து, கிருமிகள் பற்றிய பாடங்களைக் கைப்பேசியில் கேட்பதனால் ஒரு கெடுதலும் இல்லை. புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்க முடிகிறதென்பது தமிழில் படித்து வந்த மாணவிக்குப் பெரிய அனுகூலங்கூட. ஏற்கெனவே பதிவு பெற்று வேலையிலிருந்த நர்ஸுகளுக்கு இந்திரா காந்தி திறந்தவெளிப் பல்கலைக்கழகம் தொலைதூர முறையில் பட்டம் பெற வழி செய்தது. அதற்கு அங்கீகாரமும் இருந்தது. அவர்களுக்கு வார்டு முன்பே பழகியிருந்தது என்பதே அதன் நியாயம். 2020இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது விரிவுரைகள் வீடு தேடி வந்தன, வார்டு வரவில்லை. நம் வக்கீல் தொழிலையே எடுத்துக்கொள்வோம். சட்டப் புத்தகத்தை எவனும் வீட்டில் படிக்கலாம். ஆனால் சீனியரின் பின்னால் கட்டுச் சுமந்து திரியாதவன் குறுக்கு விசாரணையில் விழிக்கிற விழிப்பை நாம் பார்த்திருக்கிறோம். அவனுக்குப் போவது வழக்கு. நர்ஸின் பிழையில் போவது உயிர்.

இனி மறுபக்கம். கட்டடம் இருப்பதனாலேயே ஒரு பாடசாலை யோக்கியமானதாகிவிடாது. வாசலில் பெரிய பலகை, உள்ளே சுவரில் நைட்டிங்கேல் அம்மையின் படம், ஆஸ்பத்திரி மாத்திரம் இல்லை என்ற நிலையில், மூன்று வருஷமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியே ஓட்டிவிட முடியும். அமெரிக்காவிலும் இது நடந்தது. புளோரிடாவில் மூன்று நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கு மேற்பட்ட போலி டிப்ளோமாக்கள் விற்கப்பட்டனவென்று 2023 ஜனவரியில் அந்நாட்டு அதிகாரிகள் 25 பேர் மீது குற்றஞ்சாட்டினார்கள். வாங்கியவர்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் லைஸென்ஸ் பரீட்சையிலும் தேறிவிட்டார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. பரீட்சை மூளையைச் சோதித்தது, கையைச் சோதிக்கவில்லை. ஆகையால் ‘கைப்பேசியா, கட்டடமா?’ என்று கேட்பதை விட்டுப் பெற்றோர் கேட்கவேண்டியது வேறு: இந்தப் பள்ளி மாநில நர்ஸுகள், மருத்துவச்சிகள் கவுன்ஸிலின் பட்டியலில் இருக்கிறதா? இதற்குரிய ஆஸ்பத்திரி எது? அதில் உண்மையாக நோயாளிகள் படுத்திருக்கிறார்களா? ஒரு நாள் பஸ் ஏறிப் போய் நேரில் பார்த்துவிட்டு வருவது, பிறகு கோர்ட்டுக்கு நடப்பதைவிட மலிவு.

எனினும் பெற்றோருக்குப் புத்தி சொல்வதோடு நம் கடமை தீரவில்லை. போலிச் சர்டிபிகேட்டை விற்பவன் ஒரு தேவையைக் கண்டுதான் கடை விரித்திருக்கிறான். அடுத்த ஊரில் நல்ல பள்ளி இருந்து, பத்திரமான ஹாஸ்டலும் மாதச் சோறும் கிடைக்குமானால், எந்தத் தாய் நகையை அடகு வைப்பாள்? சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் 1871இலேயே நர்ஸுகளுக்குப் பயிற்சி ஆரம்பித்த நாடு இது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் நர்ஸ் பள்ளி திறந்தார். நூறு வருஷங்களுக்கு மேலாகியும் சர்க்கார் பள்ளியில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருப்பானேன்?

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய சர்க்கார் மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அரியலூரிலும் இராமநாதபுரத்திலும் கள்ளக்குறிச்சியிலும் பெரிய ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அதாவது வார்டு வந்துவிட்டது. தேசமெங்கும் மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 நர்ஸிங் கல்லூரிகள் அமைக்க 1,570 கோடி ரூபாய் செலவிடுவதென்று மத்திய மந்திரி சபை 2023 ஏப்ரலில் தீர்மானித்தது. அவை பட்டப் படிப்புக்கானவை. டிப்ளோமாப் பள்ளிகளையும் அதே வார்டுகளில், அதே ஆசிரியைகளைக் கொண்டு நடத்துவதற்கு என்ன தடை? ஜில்லாதோறும் உள்ள ஊழியர்கள், கட்சி எதுவானாலும், தங்கள் சட்டசபை அங்கத்தினரிடம் மூன்று கேள்விகளை எழுத்து மூலமாகக் கேட்கவேண்டும்: நம் ஜில்லா ஆஸ்பத்திரியில் டிப்ளோமா இடங்கள் எத்தனை? மாணவிகளுக்கு ஹாஸ்டல் உண்டா, உதவித் தொகை எவ்வளவு? அங்கீகாரமில்லாத பள்ளிகள் மீது இந்த வருஷம் எடுத்த நடவடிக்கை என்ன? வரும் பதில்களை, வராத பதில்களையுங்கூட, ஜில்லாவின் பெயரோடு இப்பத்திரிகையில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.