ஆள் வைத்தால் போதுமா?

“பாட்டிக்கு ஆள் வைத்துவிட்டோம்; இனிக் கவலையில்லை.” இன்று நகரங்களில் அடிக்கடி நம் காதில் விழும் சொல் இது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் மேல். பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் இக்காலத்தில், முதியோரைக் கவனிக்க ஆள் தேடுவது குற்றமன்று. ஆனால் ஆள் வைத்ததோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா?

என் பாட்டி இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையானபோது, ஒரு நிறுவனத்தின் மூலம் ஓர் அக்கா வந்தார். ‘நர்ஸ்’ என்றே அவரை அழைத்தோம். மூன்றாம் வாரம் பாட்டியின் முதுகின் அடிப்புறத்தில் படுக்கைப்புண் இருப்பதைக் கண்டோம். வீட்டில் ஒரே கூச்சல். அப்போது அந்த அக்கா அழுதுகொண்டே சொன்னவை இன்றும் என் மனத்தை உறுத்துகின்றன. அவர் செவிலியப் பயிற்சி பெற்றவர் அல்லர். இரவும் பகலும் அவர் ஒருவரே பார்க்க வேண்டும். வார ஓய்வும் கிடையாது. நாங்கள் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியே அவர் கைக்குச் சேர்ந்தது.

அசைய இயலாதவரை 2 மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது மருத்துவமனைகளில் நெடுநாளைய வழக்கம். உறக்கமே இல்லாத ஒருவரால் அது இயலுமா? அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? பயிற்சி பெற்ற செவிலியரா என்று நாங்களும் கேட்கவில்லை. பாட்டியின் முதுகைப் பார்க்கவும் இல்லை. குற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் எழுதிய செவிலிய நூல், வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் பெண்களுக்காகவே எழுதப்பட்டது. நாம் அருகில் இல்லாத நேரத்திலும் பணி குறைவின்றி நடக்க ஏற்பாடு செய்வது பற்றி அதில் தனி அத்தியாயமே உண்டு. வீட்டுக் கவனிப்பின் உயிர்நாடி அதுவே அன்றோ!

ஆகவே, வருபவரின் பயிற்சியை முதலில் கேட்டறிவோம். மருந்து, உணவு, புரட்டிய நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். குளியலறையில் பிடிகம்பியும், இரவில் சிறு விளக்கும் அமைப்போம். கவனிப்பவருக்கு உறக்கமும் ஓய்வும் நியாயமான ஊதியமும் தருவோம். முதியோருக்குத் தீங்கு நேர்வதாக ஐயம் எழுந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைப்போம். ஆள் அனுப்பும் நிறுவனங்கள் பயிற்சி அளித்த பின்னரே ஆட்களை அனுப்ப வேண்டும் என்று அரசும் கண்டிப்புக் காட்ட வேண்டும்.

அந்த அக்காவை நாங்கள் அனுப்பிவிடவில்லை. மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் வந்து அவருக்கும் எங்களுக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். இரவில் அப்பாவும் நானும் முறை வைத்துக்கொண்டோம். இரண்டு மாதத்தில் புண் ஆறியது.

தோழியரே! உங்கள் வீட்டிலும் முதியவர் ஒருவர் படுத்திருக்கலாம். இன்று மாலை வீடு திரும்பியதும் அவரருகே சற்று அமருங்கள். அவரைக் கவனிப்பவரிடம், “அக்கா, நேற்று இரவு தூங்கினீர்களா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வி இருவரையுமே காக்கும்.