விதைநெல்லை விற்று விருந்தா?

திண்டுக்கல் பக்கம் டிஎன்பிஎல் சீசன் வந்தால் டீக்கடையில் ஒரே பேச்சுதான். "ரெண்டு சின்னப் பசங்களைக் கழட்டி விடு, அந்தக் காசுல ஒரு பெரிய ஸ்டாரைத் தூக்கு, கப்பு நமக்குத்தான்!" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு உதைக்கிறதே நண்பர்களே!

ஸ்டார் கட்சியினரின் பெரிய சாட்சி 2024. அந்த வருடம் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் முதல்முறையாகக் கோப்பையை வென்றது. எலிமினேட்டர், இரண்டாவது குவாலிஃபயர், கோவையுடன் ஃபைனல் என்று மூன்று ஆட்டத்திலும் அஸ்வின் அரைசதம். மறுக்கவே முடியாது. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர் 2016லிருந்தே திண்டுக்கல் ஆள்.

அடுத்த வருடம் என்ன ஆனது? 2025 ஜூலை 6, நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானம். சொந்த மண், அதே அஸ்வின், அணியில் வருண் சக்கரவர்த்தியும் உண்டு. திருப்பூர் அடித்தது 220. திண்டுக்கல் 102க்கு ஆல் அவுட்! 118 ரன் வித்தியாசத்தில் தோல்வி. அன்று வெளுத்து வாங்கியவர்கள் யார்? அமித் சாத்விக், துஷார் ரஹேஜா. இந்தியச் சட்டையே போடாத இளசுகள்!

இன்னொரு சிக்கல், ஸ்டாரின் காலண்டர். டிஎன்பிஎல் நடப்பது ஜூன், ஜூலை வாக்கில். அப்போதுதான் இந்திய அணியும் வெளிநாட்டுக்குக் கிளம்பும். 2025இல் சாய் சுதர்சனும் வாஷிங்டன் சுந்தரும் இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடப் போய்விட்டார்கள். அப்படிப்பட்டவர்களை நம்பி அணி கட்டினால் போஸ்டரில்தான் ஸ்டார் இருப்பார், பிட்ச்சில் இருக்க மாட்டார்.

சரி, "பொடியன்" என்று ஒதுக்கப்படுபவர்களின் கதை? நடராஜன் 2016இல் திண்டுக்கல்லுக்கு ஆடியவர். 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்த அவரை 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. பின்னாளில் அவர் டிஎன்பிஎல்லில் ஆடியது திருப்பூருக்கு! வருண் சக்கரவர்த்தி 2018இல் மதுரை அணியில் இருந்தார். அந்த வருட ஃபைனலில் மதுரை வீழ்த்தியது யாரை? திண்டுக்கல்லைத்தான். அந்த டிசம்பரிலேயே அவர் விலை 8.4 கோடி. இன்றைக்குப் பெயர் தெரியாத பையன்தான் நாளைக்கு எல்லோரும் துரத்தும் ஸ்டார்.

அப்படியானால் பெரிய வீரரே வேண்டாமா? வேண்டும், விலை முக்கியம். 2019 நவம்பரில் டெல்லி அணி பஞ்சாபிடமிருந்து அஸ்வினை வாங்கியது. கொடுத்தது சுழற்பந்து வீச்சாளர் சுசித்தையும் 1.5 கோடியையும். ரிஷப் பந்த், ஷ்ரேயஸ் ஐயர், பிரித்வி ஷா மூவரையும் தொடவே இல்லை. 2020இல் அந்த அணி முதல்முறையாக ஐபிஎல் ஃபைனலுக்குப் போனது. அனுபவத்தை வாங்கினார்கள், அஸ்திவாரத்தை விற்கவில்லை.

ஐபிஎல் அணி இந்தியா முழுக்க, உலகம் முழுக்க ஆள் தேடலாம். டிஎன்பிஎல் அணிக்குக் கிடைப்பது தமிழ்நாட்டு வீரர்கள் மட்டும்தான். மாவட்டத்துப் பையன்களுக்கு மேடை கொடுக்கிற போட்டி என்றுதானே பெயர்? அவர்களையே வெளியே தள்ளி ஸ்டார் வாங்கினால் அப்புறம் எதற்கு ஊர்ப் பெயரில் ஒரு அணி?

ஒரு சீசன் கைதட்டலுக்காக நாலு சீசன் அணியைக் கலைப்பது புத்திசாலித்தனம் இல்லை. பூட்டுக்குப் பேர் போன ஊர் இது. முதலில் பூட்டிப் பத்திரப்படுத்த வேண்டியது இந்த இளசுகளைத்தான்!